பூஞ்சை உடம்பும் இருபது முகப் பகடையும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: கான்ஸ்டிட்யூஷன். ஆட்ட மேசையில் சுருக்கமாகக் ‘கான்’. பாத்திரத்தின் உடல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் மதிப்பெண் அது. வேறு எதுவும் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் 2014 விதிகளையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். 2024-இல் வந்த திருத்தப் பதிப்பில் மாறியவற்றில் சிலவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

கேள்வி: முதல் லெவல் விசார்ட் (மந்திரவாதி) ஒருவரை உருவாக்கினேன். அறிவுக்கும் சுறுசுறுப்புக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு, கானில் 8 வைத்தேன். எங்கள் டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) என் பாத்திரத்தின் ஷீட்டைப் பார்த்துச் சிரிக்கிறார். வெறும் மைனஸ் ஒன்றுதானே, அப்படி என்ன ஆகிவிடும்?

பதில்: அந்த மைனஸ் ஒன்று ஒரு தடவையோடு போவதில்லை. ஒவ்வொரு லெவலுக்கும் வந்து தன் பங்கை வாங்கிக்கொண்டு போகும்.

கணக்கு இதுதான். மதிப்பெண்ணிலிருந்து 10-ஐக் கழித்துப் பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழ்ப்பக்கம் உள்ள முழு எண்ணை எடுத்தால், பகடையில் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய மாடிஃபையர் கிடைக்கும். 8-க்கு −1, 10-க்கு 0, 14-க்கு +2. ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி, கணக்கிட விசார்டின் பகடை ஆறுமுகம். முதல் லெவலில் முழு 6 கிடைக்கும், அதோடு மாடிஃபையர் சேரும். உங்களவருக்கு 5 ஹிட் பாயின்ட், கான் 14 உள்ளவருக்கு 8. அடுத்த லெவலிலிருந்து பகடை உருட்டாமல் நிலையான 4-ஐ எடுத்தால் உங்களுக்கு லெவலுக்கு 3, அவருக்கு 6. ஐந்தாம் லெவலில் 17-க்கு எதிராக 32. பத்தாம் லெவலில் 32-க்கு எதிராக 62. உங்கள் விசார்ட் பத்தாம் லெவலில் தொடும் எண்ணை மற்றவர் ஐந்திலேயே தொட்டுவிடுகிறார்.

முதல் லெவலின் மூன்று பாயின்ட் வித்தியாசம் பார்வைக்குச் சிறிது. ஆனால் கோப்ளின் என்ற குட்டிப் பூதம் அடிக்கும் அடியின் அளவும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது, சிக்கல் அங்கேதான். கோப்ளினின் வளைந்த வாள் கொடுப்பது ஆறுமுகப் பகடை கூட்டல் 2, அதாவது 3 முதல் 8 வரை. 5 ஹிட் பாயின்ட் உள்ளவர் சாய, பகடையில் 3 விழுந்தாலே போதும். பட்ட அடிகளில் மூன்றில் இரண்டு அவரைத் தரையில் போடும். 8 ஹிட் பாயின்ட் உள்ளவர் சாய, 6-தான் விழ வேண்டும். ஆறில் ஒன்று. மூன்று பாயின்ட் கூடியதால் சாய்கிற வாய்ப்பு நான்கில் ஒரு பங்காகிறது.

இப்போது இன்னும் முரட்டு எதிரியான ஓர்க்கைக் கொண்டுவருவோம். அதன் கோடாலி பன்னிரண்டு முகப் பகடை கூட்டல் 3. ஐந்தாம் பதிப்பில், ஓர் அடி உங்களைப் பூஜ்யத்துக்கு இறக்கிய பிறகும் மிஞ்சும் சேதம் உங்கள் முழு ஹிட் பாயின்ட் அளவை எட்டினால், டெத் சேவ் (விழுந்தவர் பிழைக்க உருட்டும் பகடை) எதுவும் இல்லாமல் அங்கேயே சாவு. 5 உள்ளவருக்கு அந்தக் கோடு 10. பகடையில் 7-உம் அதற்கு மேலும் விழுந்தால் 10 வந்துவிடும். ஆக, ஓர்க்கின் சாதாரண அடி ஒன்று பட்டால், உயிர் போவதும் இருப்பதும் சரிபாதி. 8 உள்ளவருக்குக் கோடு 16. கோடாலியின் சாதாரண அடி அதிகபட்சம் 15. அதனால் அவர் விழலாம், ஆனால் கிரிட் (சேதப் பகடை இரட்டிக்கும் அடி) இல்லாமல் அந்தக் கோடாலியால் ஒரே அடியில் அவரைக் கொல்ல முடியாது.

உங்கள் டி.எம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சிரித்திருப்பார்.

கேள்வி: டெத் சேவில் கான் மாடிஃபையர் சேராதே! மூன்று வெற்றி வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அப்படியிருக்க, கான் குறைவதால் சாவு எப்படிக் கூடும்?

பதில்: பாதி சரி. டெத் சேவ் என்பது எதுவும் சேராத இருபது முகப் பகடை. 10-உம் மேலும் வெற்றி. அதற்குக் கீழே தோல்வி. 1 விழுந்தால் இரண்டு தோல்வி. 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயின்ட்டோடு கண் விழிக்கலாம். யாரும் தொடாமல், யாரும் உதவாமல் கிடந்தால் பிழைக்க ஏறக்குறைய 60 விழுக்காடு வாய்ப்பு. மல்லனுக்கும் நோஞ்சானுக்கும் இதில் வேறுபாடில்லை.

‘யாரும் தொடாமல்’ என்பதுதான் இங்கே நிபந்தனை. பூஜ்யத்தில் கிடப்பவருக்குச் சேதம் பட்டால் ஒரு தோல்வி சேரும். ஐந்தடிக்குள் நின்று மயங்கிக் கிடப்பவரைத் தாக்கினால், பட்ட ஒவ்வோர் அடியும் கிரிட். கிரிட் என்றால் இரண்டு தோல்வி. இதுவரை கானுக்கு இதில் வேலை இல்லை. அடுத்த வரியில் இருக்கிறது வேலை: பூஜ்யத்தில் கிடக்கும்போது ஒரே அடியில் முழு ஹிட் பாயின்ட் அளவுக்குச் சேதம் பட்டாலும் உடனடிச் சாவுதான். கோப்ளின் கிரிட் இரண்டு ஆறுமுகப் பகடை கூட்டல் 2. முழு அளவு 5 ஆக இருப்பவருக்கு, இரண்டு பகடையிலும் 1 விழுந்தால் மட்டுமே தப்பு, அதாவது 36-இல் ஒன்று. 8 ஆக இருப்பவருக்கு 36-இல் 10. இரண்டுமே நல்ல நிலைமை இல்லை என்றாலும், ஒன்றில் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

லெவல் ஏறினால் இந்த உடனடிச் சாவு அரிதாகும், ஆனால் மறைந்துவிடாது. ஐந்தாம் லெவலில் எதிரி ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தை வீசுகிறான் என்று வையுங்கள். எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. சுறுசுறுப்பு சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) தோற்றால், 17 உள்ளவர் விழுவது ஏறக்குறைய நிச்சயம். சேதம் 34-ஐத் தொட்டால் சாவு. அது ஏறக்குறைய எட்டில் ஒன்று. 32 உள்ளவர் அதே ஃபயர்பாலில் விழுவதே ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான். பகடை எட்டிலும் 6 விழுந்து 48 வந்தாலும் அவர் சாகமாட்டார், அவருடைய கோடு 64.

ஆகவே டெத் சேவை மட்டும் பார்த்துவிட்டுக் கான் தேவையில்லை என்று முடிவு செய்யாதீர்கள். கான் குறைந்தவர் அந்தப் பகடையை அடிக்கடி உருட்டுவார், சில நேரம் உருட்டும் வாய்ப்பே கிடைக்காது.

கேள்வி: நான் எப்போதும் கடைசி வரிசையில் நிற்பேன். எனக்கு எதற்கு ஹிட் பாயின்ட்?

பதில்: கோப்ளினிடம் வில்லும் இருக்கிறது. 80 அடி வரை தடையில்லாமல் எய்யும்.

சரி, அடியே அதிகம் படாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஒரு செலவு உண்டு: கான்சன்ட்ரேஷன். விசார்டின் நல்ல ஸ்பெல்களில் (மந்திரங்களில்) பல, மனத்தை ஒருமுகப்படுத்தி வைத்திருக்கும் வரைதான் நிற்கும். சேதம் படும்போதெல்லாம் கான் சேவ் உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது பட்ட சேதத்தில் பாதி. எது பெரிதோ அது. விசார்டுக்குக் கான் சேவில் பயிற்சி கிடையாது, சார்சரர் என்ற இன்னொரு மந்திர வகுப்புக்கு உண்டு.

கான் 8 என்றால் 11-உம் மேலும் விழ வேண்டும், 50 விழுக்காடு. கான் 14 என்றால் 65. ஒரு சுற்றில் மூன்று சிறிய அடி பட்டால், மூன்று தனித்தனிச் சேவ். 8 உள்ளவரின் ஸ்பெல் தங்குவது எட்டில் ஒன்று. 14 உள்ளவருக்கு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். பெரிய வித்தியாசம் இல்லையே என்பீர்கள். உண்மைதான், இந்த இடத்தில் கான் மட்டும் போதாது. வார் காஸ்டர் ஃபீட் (தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) எடுத்தால் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுக்கலாம், கான் 8 உள்ளவருக்கும் அது 75 விழுக்காடாகும். இந்த ஒரு விஷயத்தில் வார் காஸ்டர் எடுத்த நோஞ்சான், எடுக்காத கான் 14-ஐ முந்துகிறார். ஹிட் பாயின்ட் மட்டும் அதே 17-தான்.

ஒருவரை வேகமாக்கும் ஹேஸ்ட் ஸ்பெல்லைத் தோழர் மீது போடுகிறவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. உங்கள் ஒருமுகம் கலைந்தால் ஹேஸ்ட் முடிவதோடு போகாது. அதைச் சுமந்துகொண்டிருந்த ஃபைட்டர் (போர்வீரர்) தன் அடுத்த முறை முடியும் வரை நகரவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது. உங்கள் பூஞ்சை உடம்புக்கு அவர் ஒரு சுற்றைக் கப்பம் கட்டுகிறார். கான் 8 உள்ள விசார்ட் ஹேஸ்ட் போட்டால், அதே முறையில் ஓடிப்போய் முழு மறைவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

கேள்வி: 27 புள்ளி கொடுத்து மதிப்பெண்களை வாங்கும் முறையில் பாத்திரத்தைக் கட்டுகிறேன். கானுக்கு எத்தனை ஒதுக்குவது?

பதில்: விலைப்பட்டியலை நினைவுபடுத்துவோம். 8 இலவசம். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, 14-க்கு மொத்தம் 7, 15-க்கு மொத்தம் 9. 9-லும் 11-லும் நிறுத்துவது வீண். 9 வாங்கினால் ஒரு புள்ளி போகும், மாடிஃபையர் அதே −1-தான்.

8-லிருந்து 12-க்கு ஏற 4 புள்ளி. அந்த நான்கில் லெவலுக்கு இரண்டு ஹிட் பாயின்ட், கான் சேவில் இரண்டு. விசார்டுக்கு இதைவிட மலிவான சரக்கு பட்டியலில் இல்லை. 12-லிருந்து 14-க்குப் போக மேலும் 3, கிடைப்பது லெவலுக்கு ஒன்றே ஒன்று. அதுவும் நல்ல வியாபாரம்தான், ஆனால் முதல் நான்கைப் போல் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு மாதிரி: அறிவு 15, சுறுசுறுப்பு 14, கான் 14, விவேகம் 12, வலிமையும் கவர்ச்சியும் 8. கூட்டிப் பாருங்கள், 9, 7, 7, 4, மொத்தம் 27. இனத்துக்கான கூடுதல் இதற்குமேல் வரும். 2024 பதிப்பில் அந்தக் கூடுதல் இனத்தால் வருவதில்லை, பின்னணியால் வரும்.

நான்காம் லெவலில் ரெசிலியன்ட் ஃபீட் எடுக்கும் எண்ணம் இருந்தால் கானை 13-இல் நிறுத்துங்கள். அந்த ஃபீட் ஒரு மதிப்பெண் கூட்டி 14 ஆக்கும், கான் சேவில் பயிற்சியும் தரும். மாடிஃபையர் உயர்ந்தால், கடந்துவந்த எல்லா லெவலுக்கும் சேர்த்தே ஹிட் பாயின்ட் கூடும். நான்காம் லெவலில் உயர்ந்தால் நான்கு. பலர் ஒன்றை மட்டும் கூட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஷீட்டை எடுத்து ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: வெறியேறிச் சண்டையிடும் பார்பேரியனுக்குக் கான் 8 வைத்து வேடிக்கையாக ஆடலாமா?

பதில்: வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான். கவசமில்லாத பார்பேரியனின் ஏ.சி. (அடி பட எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்) 10 கூட்டல் சுறுசுறுப்பு கூட்டல் கான். அடியும் அதிகம் படும், தாங்கவும் தாங்காது. வெறியில் இருக்கும்போது வெட்டும் குத்தும் பாதியாகக் குறைவதால் அவருடைய ஒவ்வொரு ஹிட் பாயின்ட்டும் இரண்டாக உழைக்கும். அதைப் போய்க் குறைப்பானேன்.

கேள்வி: எங்கள் மேசையில் பகடை உருட்டித்தான் மதிப்பெண். விழுந்த வரிசையை மாற்ற டி.எம். விடமாட்டார். எனக்குக் கான் 6, அறிவு 17. விசார்டாகத்தான் ஆடப் போகிறேன். எத்தனை நாள் தாங்குவேன்?

பதில்: கையில் சரியான கருவிகள் இருந்தால் மற்றவர்களோடு சேர்ந்தே போகலாம். முதலில் நிலைமை: முதல் லெவலில் 4, பிறகு லெவலுக்கு 2, ஐந்தாம் லெவலில் 12. விதிப்படி லெவலுக்கு ஒன்றாவது ஏறியே தீரும், அதற்குக் கீழே போகாது.

லெவல் ஏறும்போது பகடையா, நிலையான எண்ணா என்று தயங்குபவர்களுக்கு ஒரு வேடிக்கையான செய்தி. பொதுவாக நிலையான எண், பகடையின் சராசரியைவிட அரை அதிகம். கான் 6 உள்ள விசார்டுக்கோ, குறைந்தது ஒன்று என்ற விதி கைகொடுப்பதால் இரண்டின் சராசரியும் 2-தான். அப்படியும் நிலையான எண்ணையே எடுங்கள். பகடையில் 1, 2, 3 எது விழுந்தாலும் உங்களுக்கு ஒன்றே ஒன்று. பாதி நேரம் அதுதான் நடக்கும். நான்கு லெவல் அப்படிப் போனால் மீள்வது கடினம்.

அடி படாமல் இருப்பதுதான் உங்களுக்கு ஹிட் பாயின்ட். மேஜ் ஆர்மர் என்ற காப்பு ஸ்பெல் எட்டு மணி நேரம் நிற்கும், கான்சன்ட்ரேஷன் வேண்டாம். சுறுசுறுப்பு 14 என்று வைத்துக்கொண்டால் ஏ.சி. 12-லிருந்து 15 ஆகும். தாக்குதல் பகடைக்கு +4 உள்ள கோப்ளின் உங்களைத் தொடுவது 65 விழுக்காட்டிலிருந்து 50-க்கு இறங்கும். மேலே ஷீல்ட் ஸ்பெல் போட்டால் ஏ.சி. 20, வாய்ப்பு 25. அடி பட்டது என்று தெரிந்த பிறகே ஷீல்ட் போடலாம் என்பதால், வீணாகும் பயம் குறைவு. ஆனால் முதல் லெவலில் இரண்டே ஸ்பெல் இடங்கள் (ஸ்பெல் போட்டால் செலவாகும் வாய்ப்புகள்). மேஜ் ஆர்மருக்கு ஒன்று, ஷீல்டுக்கு ஒன்று என்றால் கை காலி. ஒரு மணி நேர ஓய்வில் ஆர்கேன் ரிக்கவரி மூலம் ஓர் இடம் திரும்பும், நாளுக்கு ஒரு முறை. அதுவரை, இடம் செலவாகாத ஃபயர் போல்ட் ஸ்பெல்தான் ஆயுதம். அதன் வீச்சு 120 அடி. கோப்ளின் வில் 80 அடியைத் தாண்டினால் தடுமாறும், இரண்டு பகடையில் மோசமானதைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே வெட்டவெளியில் 80 அடிக்கும் 120 அடிக்கும் இடைப்பட்ட நிலம்தான் உங்கள் வீடு. குகைக்குள் அந்த வசதி கிடைக்காது. அங்கே மூலையை நாடுங்கள்: வெளியே வந்து எறிந்துவிட்டு, மீதி அடியில் உள்ளே ஒதுங்கி உங்கள் முறையை முடியுங்கள். அரை மறைவு கிடைத்தாலும் ஏ.சி.க்கு 2 கூடும், முக்கால் மறைவுக்கு 5.

ஃபால்ஸ் லைஃப் ஸ்பெல் நான்குமுகப் பகடை கூட்டல் 4 தற்காலிக ஹிட் பாயின்ட் தரும். 4 உள்ளவருக்கு 5 முதல் 8 வரை என்றால் உயிர் இரட்டிப்பாவதற்கும் மேல். ஒரு மணி நேரம்தான் நிற்கும், கதவை உதைப்பதற்குச் சற்று முன் போட வேண்டும். ஆனால் உடனடிச் சாவுக் கோடு முழு ஹிட் பாயின்ட்டைத்தான் பார்க்கும், தற்காலிகத்தைச் சேர்க்காது. தற்காலிகம் முதலில் கரையும், பிறகு உங்களுடையது, அதன் பிறகு மிஞ்சுவதுதான் கோட்டோடு ஒப்பிடப்படும்.

இரண்டாம் நிலை ஸ்பெல் வந்ததும் மிஸ்டி ஸ்டெப் எடுங்கள். போனஸ் ஆக்‌ஷனில் (முறைக்குள் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்) 30 அடி மறைந்து தோன்றலாம். உபகிளாஸ் (வகுப்பின் உட்பிரிவு) தேர்வில் அப்ஜுரேஷன் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். அதன் காப்பு, லெவலின் இருமடங்கோடு அறிவு மாடிஃபையரையும் சேர்த்த அளவு சேதத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். ஐந்தாம் லெவலில் அறிவு +4 இருந்தால் 14. உங்கள் சொந்த உயிரைவிட அது பெரிது! டஃப் ஃபீட் லெவலுக்கு இரண்டு தரும். ஹிட் பாயின்ட் அளவில் கான் 6-ஐ 10 ஆக்கிவிடும், சேவ்களுக்கு உதவாது. இனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் 2014 விதியில் ஹில் ட்வார்ஃப் சிறந்தது: கானுக்கு 2 கூடி 8 ஆகும், லெவலுக்கு ஒரு ஹிட் பாயின்ட் தனியாக வரும், விஷத்துக்கு எதிரான சேவில் இரண்டு பகடை கிடைக்கும்.

தோழர்களிடமும் கேட்டு வாங்குங்கள். கிளெரிக் (பூசாரி) எய்ட் ஸ்பெல் போட்டால் மூன்று பேருக்கு முழு அளவே 5 கூடும், எட்டு மணி நேரம். முழு அளவு கூடுவதால் சாவுக் கோடும் தள்ளிப்போகும். ஃபைட்டருக்கு அந்த 5 கண்ணில் படாது. உங்களுக்கு அது இரண்டரை லெவல். ஹீலிங் வேர்ட் என்ற குணமாக்கும் ஸ்பெல் தெரிந்தவருக்கு எப்போதும் 60 அடிக்குள் இருங்கள், உங்களைத் தூக்கிவிட அவருக்குப் போனஸ் ஆக்‌ஷன் போதும்.

கேள்வி: சண்டையைத் தவிர வேறெங்கே கான் உறுத்தும்?

பதில்: பயணத்தில். பல மேசைகள் இந்த விதிகளைத் தாண்டிப் போய்விடுவதால் பலருக்குத் தெரிவதில்லை, பாலைவனமோ கடலோ வரும்போது அதிர்ச்சியாக இருக்கும்.

மூச்சுப் பிடிப்பது: 1 கூட்டல் கான் மாடிஃபையர், நிமிடங்களில். கான் 14 உள்ளவருக்கு மூன்று நிமிடம். கான் 8 உள்ளவருக்குக் கணக்குப்படி பூஜ்யம், விதி இரங்கி 30 நொடி தருகிறது. அதாவது ஐந்து சுற்று. மூச்சு தீர்ந்தபின் கான் மாடிஃபையர் அளவுச் சுற்றுகள் தாக்குப்பிடிக்கலாம், குறைந்தது ஒன்று. அடுத்த முறை தொடங்கும்போது பூஜ்யம், சாகும் நிலை. மூச்சு திரும்பும் வரை ஹிட் பாயின்ட்டும் ஏறாது, நிலைப்படுத்தவும் முடியாது. நீரில் மூழ்கிய வழியில் போகிறீர்கள் என்றால் வாட்டர் பிரீதிங் ஸ்பெல்லைச் சடங்காகப் போடச் சொல்லுங்கள். இடம் செலவாகாது, பத்துப் பேருக்கு 24 மணி நேரம். அது கைவருவது ஐந்தாம் லெவலில். அதற்குமுன் இடுப்பில் கயிறு, மறுமுனை கரையில் நிற்கும் ஃபைட்டர் கையில்.

பட்டினி: உணவில்லாமல் 3 கூட்டல் கான் மாடிஃபையர் நாட்கள். 8 உள்ளவருக்கு 2, 14 உள்ளவருக்கு 5. அதன்பின் ஒவ்வொரு நாள் முடிவிலும் எக்ஸாஸ்ஷன் (சோர்வு) ஒரு படி, சேவ் கிடையாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் மணிக்கொரு கான் சேவ், இலக்கு 11-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறும். கடுங்குளிரிலும் மணிக்கொரு சேவ், இலக்கு 10.

எக்ஸாஸ்ஷனில் ஆறு படி. மூன்றாம் படியில் எல்லாச் சேவும் தடுமாறும், கான் சேவும் சேர்த்து. அங்கிருந்து சரிவு தானாகவே வேகம் பிடிக்கும். நான்காம் படியில் முழு ஹிட் பாயின்ட் பாதியாகும். ஐந்தில் நகர முடியாது, ஆறில் சாவு. நீண்ட ஓய்வு ஒன்றுக்கு ஒரு படிதான் இறங்கும், அதுவும் சோறும் தண்ணீரும் கிடைத்தால். 2024-இல் இதை எளிமையாக்கிவிட்டார்கள்: படிக்கு இருபது முகப் பகடையில் 2 கழிவு, வேகத்தில் 5 அடி கழிவு. ஆறில் சாவு என்பது மட்டும் மாறவில்லை.

ஓய்விலும் கான் கை வைக்கும். ஒரு மணி நேர ஓய்வில் ஹிட் பாயின்ட்டை மீட்க ஹிட் டைஸ் உருட்டும்போது ஒவ்வொரு பகடைக்கும் மாடிஃபையர் சேரும். கான் 8 விசார்டுக்குச் சராசரி இரண்டரை, 14 உள்ளவருக்கு ஐந்தரை. விழுவதும் சீக்கிரம், எழுவதும் தாமதம்.

கேள்வி: டி அண்ட் டி-யின் 1981 பேசிக் புத்தகத்தை வைத்து ஆடத் தொடங்கியிருக்கிறோம். மூன்று ஆறுமுகப் பகடை, விழுந்தபடி. எனக்குக் கான் 5. இங்கேயும் இதே கணக்கா?

பதில்: அங்கே அட்டவணை வேறு. 9 முதல் 12 வரை மாற்றமில்லை. 6 முதல் 8 வரை −1, 4-உம் 5-உம் −2, 3-க்கு −3. மூன்று பகடையில் 8-உம் கீழும் விழ நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல் வாய்ப்பு உண்டு, ஆகவே உங்கள் மேசையில் துணைக்கு ஆள் இருக்கும்.

மேஜிக் யூசரின் (அங்கே மந்திரவாதியின் பெயர்) பகடை நான்குமுகம். −2 போக, நான்கில் மூன்று முறை ஒரு ஹிட் பாயின்ட், ஒரு முறை இரண்டு. முதல் லெவலில் முழு எண் தரும் சலுகை அந்தப் புத்தகத்தில் இல்லை. பூஜ்யம் என்றால் சாவு, டெத் சேவ் கிடையாது. ஒரு ஹிட் பாயின்ட் உள்ளவரைக் கத்தி தொட்டால் முடிந்தது. ஃபைட்டர் எடுத்தால் எட்டுமுகம், −2 போகச் சராசரி மூன்றுக்குச் சற்றுக் கீழே. கவசமும் உண்டு. உங்கள் மற்ற மதிப்பெண் இடம் கொடுத்தால் அதையே எடுங்கள். ட்வார்ஃபும் ஹாஃப்லிங்கும் கான் 9 கேட்பார்கள், உங்களுக்குக் கதவு மூடியிருக்கிறது. வேறு மதிப்பெண்ணைக் குறைத்துக் கானை ஏற்றவும் அந்த விதி விடாது. ஆனால் நெருப்பு மூச்சு, விஷம் முதலியவற்றுக்கான சேவில் கான் தலையிடாது, அது வகுப்பையும் லெவலையும் பொறுத்தது. பணத்தைக் கூலியாட்களிலும் விளக்கெரிக்கும் எண்ணெய்க் குடுவைகளிலும் போடுங்கள்.

அதே காலத்து அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூலில் நிலைமை தலைகீழ். அங்கே 7 முதல் 14 வரை ஹிட் பாயின்ட்டில் மாற்றமே இல்லை. கான் 7 உள்ளவரும் 14 உள்ளவரும் சண்டையில் ஒன்றே. தண்டனை செத்த பிறகு வரும். உயிர்ப்பிக்கும் மந்திரம் பலிக்கப் பகடை உருட்ட வேண்டும்: கான் 8-க்கு 65 விழுக்காடு, 14-க்கு 92. தோற்றால் நிரந்தரச் சாவு. வென்றாலும் ஒவ்வொரு முறையும் கானில் ஒன்று போகும், அடுத்த முறை வாய்ப்பு இன்னும் குறையும். உருவம் மாற்றப்படும்போது உடல் தாங்குமா என்பதற்கும் தனி விழுக்காடு உண்டு, கான் 8-க்கு 60. உங்களைத் தவளையாக்க வந்தவன் தவறுதலாகக் கொன்றுவிடும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது.

கேள்வி: வார்ஹாம்மர் என்ற இன்னொரு பாத்திர ஆட்டத்தில் டஃப்னஸ் என்று இருக்கிறதே, அதுவும் கானும் ஒன்றா?

பதில்: பெயர் நெருக்கம், வேலை வேறு. நான்காம் பதிப்பை எடுத்துக்கொண்டால், டஃப்னஸின் பத்தாம் இடத்து இலக்கம்தான் டஃப்னஸ் போனஸ். 28 என்றால் 2, 41 என்றால் 4. அது இரண்டு இடத்தில் உழைக்கும். மனிதரின் வூண்ட்ஸ் (அங்கே ஹிட் பாயின்ட் போன்றது) கணக்கில் வலிமை போனஸும் மன உறுதி போனஸும் ஒருமுறை சேரும், டஃப்னஸ் போனஸ் இருமுறை. அதற்குமேல், பட்ட ஒவ்வோர் அடியிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும்.

மற்ற இரண்டும் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். டஃப்னஸ் போனஸ் 2 உள்ளவருக்கு வூண்ட்ஸ் 10, 4 உள்ளவருக்கு 14. கவசமில்லாத உடம்பில் 8 சேதம் விழுகிறது. முதலாமவர் 6 வாங்குவார், இரண்டாம் அடியில் விழுவார். அடுத்தவர் 4 வாங்குவார், விழ நான்கு அடி தேவை. டி அண்ட் டி-யில் கான் பானையைப் பெரிதாக்கும். இங்கே டஃப்னஸ் பானையைப் பெரிதாக்கி ஓட்டையையும் அடைக்கும். ஆகவே டஃப்னஸ் குறைந்தவர் முதலில் செய்ய வேண்டியது தோல் கவசமாவது வாங்குவது. அடியிலிருந்து கழியும் வேலையைக் கவசமும் செய்யும், அதைக் காசு கொடுத்து வாங்க முடியும்.

கேள்வி: நான் டி.எம். மேசையில் ஒருவருடைய விசார்ட் கான் 8. ஏழாம் லெவல் வரை எப்படியோ வந்துவிட்டார், மாதம் ஒருமுறை சாகப் பார்க்கிறார். கானை ஏற்றும் மந்திரத் தாயத்தான அமுலெட் ஆஃப் ஹெல்த் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள். அது கானை 19 ஆக்கும், மாடிஃபையர் +4. அவருடைய 23 ஹிட் பாயின்ட் ஒரே நாளில் 58 ஆகும். ஏழு புள்ளி செலவழித்துக் கான் 14 வாங்கிய இன்னொரு விசார்ட் உங்கள் மேசையில் இருந்தால் அவருக்கு அதே லெவலில் 44. அவர் முகத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் சிறிய வழிகளை முயலலாம். அறிவுள்ள எதிரி நின்றுகொண்டிருப்பவரை விட்டுவிட்டு விழுந்தவரை அடிப்பதற்குக் காரணம் வேண்டும். பசித்த மிருகம் இழுத்துக்கொண்டு ஓடலாம், கூலிப்படை வீரன் அடுத்த வாளைத்தான் கவனிப்பான். ஃபயர்பால் வீசப் போகிறவன் கையை ஒரு சுற்று முன்னதாகக் காட்டுங்கள், 20 அடி ஆரத்திலிருந்து விலக அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும். விலகாவிட்டால் அது அவர் தேர்வு.

இதையெல்லாம் தாண்டியும் கொடுப்பதானால், அட்யூன்மென்ட் (மந்திரப் பொருளோடு பிணைவது) மூன்றில் ஒன்று இதற்குப் போகும் என்பதையும், கழுத்திலிருந்து எடுத்தால் 35 ஹிட் பாயின்ட் கூடவே போகும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். மூச்சும் ஐந்து நிமிடத்திலிருந்து 30 நொடிக்குத் திரும்பிவிடும். குளத்தில் இறங்கும்போது கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் போகிற ஆளா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.